வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கம் தரும்படியாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று மைசூர் ஆபீசிலிருந்து போன் வந்தது. முப்பத்து நாலு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டியவளிடம் ஊக்கத்துக்கா பஞ்சம் என்று நினைத்திருப்பார்கள். நான் செய்த நல்ல காரியங்களை எல்லாம் என் பிரிவு உபசார விழாவிலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். மைக் பிடித்தவர்களில் பாதிப் பேர் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்கள். மிச்சமிருப்பது நான் கெடுத்த ஒரு காரியம். அதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை.

முதலில் மாட்டில் ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், விமானத்துக்கும் வருவேன்.

நான் சேர்ந்த காலத்தில் மைசூர் கிளைக்கு வரும் க்ளெய்மில் பெரும்பாலானவை மாடு, டிராக்டர், ஸ்கூட்டர். மாட்டுக்கு இன்சூரன்ஸ் செய்யும்போது அதன் காதில் நம்பர் போட்ட டேக் ஒன்றைக் குத்துவோம். மாடு செத்தால் அந்த டேக் காதோடு எங்கள் மேஜைக்கு வர வேண்டும். டேக் இல்லையென்றால் க்ளெய்ம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்குக்கூட இந்த விதி மனப்பாடம்.

சேர்ந்த புதிதில் நஞ்சன்கூடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் மேஜைக்கு எதிரே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். டேக் எங்கோ விழுந்துவிட்டதாம். எனக்கும் கண் கலங்கியது. பரிந்துரை எழுதிப் பணம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனார். நான் சாகடித்த மாடு அங்கே நின்று புல் மென்றுகொண்டிருந்தது.

"அழுகையிலெல்லாம் டேக் இருக்காதும்மா. காது கொண்டு வரட்டும், செக் கொண்டு போகட்டும். அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் சீனியர். அவருக்குத் தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே முப்பது வருடம் ஓட்டினேன். எந்த வீட்டில் எந்தச் சாவு விழுந்தாலும் என் வாயில் முதலில் வரும் வார்த்தை, "சர்டிபிகேட் எங்கே?"

இனி விமானம். எந்தக் கம்பெனி, எந்தக் கடல் என்று எழுத மாட்டேன். பெங்களூருக்கு வர வேண்டிய விமானம் ஒன்று வரவில்லை என்பது மட்டும் போதும். கடலில் விழுந்தது. பலருடைய உடல் கிடைத்தது, சிலருடையது கிடைக்கவில்லை. அந்த விமானக் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு. இந்த மாதிரிக் கோப்புகள் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பெரிய மனிதர்கள் பார்ப்பவை. மைசூர் கிளைக்கு அதில் என்ன வேலை என்கிறீர்களா? கிடைக்காத உடல்களில் ஒன்று ஹனூர் பக்கத்துக்காரருடையது. வீட்டில் பேசுவது தமிழ். எங்கள் கிளையில் தமிழ் பேசும் மூத்த அதிகாரி நான் ஒருத்திதான். "போய்ப் பார்த்து, பேசி, கோப்பை நகர்த்துங்கள்" என்று மும்பையிலிருந்து உத்தரவு வந்தது. மாட்டு க்ளெய்ம் பார்த்தவளுக்கு ஆகாய விமானம். ஆபீசில் எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

சட்டத்தை நான் படித்துக்கொண்டுதான் போனேன். நாடுகளுக்கிடையே பறக்கும் விமானங்களுக்கான பழைய ஒப்பந்தத்தின் காலத்தில் விமானத்தில் போனவனின் உயிருக்குக் கொடுத்தது அற்பம். புதிய ஒப்பந்தத்தை நம் நாடு ஏற்றுக்கொண்ட பிறகு தொகை உயர்ந்தது. ஒரு வரம்பு வரை விமானக் கம்பெனியின் தப்பை யாரும் நிரூபிக்கவே வேண்டாம். அதற்கு மேல் போனால், தப்பு தன்னுடையது இல்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். இதையெல்லாம் மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் படித்தேனே தவிர, எப்போதுவரை கேட்கலாம் என்று சொல்லும் பக்கத்தைப் புரட்டவில்லை. அதைக் கோர்ட்டு வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு மெத்தனம்.

கொள்ளேகால் வரை ஒரு பஸ், அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்சில் ஏறி ஹனூர், அப்புறம் ஆட்டோ. ஓட்டு வீடு, முன்னால் ஒரு போர்வெல் பம்ப். மாதேசன் அந்த வீட்டின் ஒரே மகன். போர் போடும் லாரியில் வேலை. நம்மூரில் போட்டுப் போட்டுத் தேறியவர்களை ஆப்பிரிக்கா வரை கூப்பிட்டுக்கொண்டு போகிறார்கள், அப்படிப் போனவர். கிளம்புவதற்கு முன் தன் கையால் போட்டதுதான் வாசலில் இருக்கும் போர். எனக்குக் காபி வந்தது அந்தத் தண்ணீரில்.

மாதேசனின் மனைவி மல்லிகாவுக்கு முப்பது வயது இருக்கும். பட்டு நூல் முறுக்கும் பேக்டரியில் வேலை. நாலாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை. வீட்டில் மாதேசனின் படம் இருந்தது, மாலை இல்லை. மல்லிகாவின் கழுத்தில் தாலி இருந்தது. மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னை உற்றுப் பார்த்தார்.

"வரலைன்னுதானுங் மேடம் எல்லாரும் சொல்றாங்க," என்றாள் மல்லிகா. "செத்தாருன்னு ஆரும் காட்டலீங்களே. காட்டாததை நான் எப்படீங் ஒத்துக்கறது?"

அழவில்லை. ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று சொல்வதுபோல் நியாயம் கேட்டாள். எனக்குத் தெரிந்தது ஒன்று இருந்ததே, அதைச் சொன்னேன்.

"எதையும் உடனே ஒத்துக்க வேண்டாம்மா. ஆனா கம்பெனிக்கு டெத் சர்டிபிகேட் வேணும். அது கைக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அவசரமே இல்லை. நிதானமா ஆகட்டும்."

மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மணி தங்கமானவிய. அவசரமில்லைங்கறாங்க பாரு," என்று மருமகளிடம் சொன்னார். பஸ்சில் திரும்பி வரும்போது எனக்கு நிறைவாக இருந்தது. துக்க வீட்டில் நெருக்காமல் பேசிவிட்டு வந்தோம் என்ற நிறைவு. கோப்பில், "இறப்புச் சான்றிதழ் வர வேண்டியுள்ளது" என்று எழுதி மூடினேன்.

கடலில் போன மனிதனுடைய காதைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மாமனார் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். உடம்பு இல்லாமல் எப்படிச் சான்றிதழ் கொடுப்பது, காணாமல் போனவர் என்றால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு குமாஸ்தா சொன்னார். இன்னொருவர் விமானம் விழுந்த நாட்டிலிருந்து கடிதம் கொண்டு வரச் சொன்னார். அந்தக் கடிதம் வந்ததும் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். நான் மாதம் ஒரு முறை போன் செய்வேன். "பேப்பர் வந்துச்சாங்க?" "இன்னும் இல்லீங் மேடம்." "சரி, பரவால்லை, பாத்துக்கலாம்." இப்படியே ஒன்றே முக்கால் வருடம் போயிற்று. உடல் கிடைத்தவர்களின் குடும்பங்கள் பெரிய ஊர் வக்கீல்களைப் பிடித்து வழக்குப் போட்டு, முன்பணமும் வாங்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறது, இவர்களிடம் இல்லை, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஆடி பிறந்து இரண்டாம் நாள் காலையில் மும்பை தலைமை அலுவலகத்திலிருந்து போன். இந்த விபத்துக் கோப்பு முழுவதையும் கவனிக்கும் அதிகாரி. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், மரியாதையான மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"மேடம், உங்க ஹனூர் பார்ட்டி கேஸ் ஏதும் போட்டாங்களா?"

"இல்ல சார். டெத் சர்டிபிகேட்டே இன்னும் வரலை."

"குட். இன்னும் பதினெட்டு நாள்தான். அப்புறம் ஃபைலை க்ளோஸ் பண்ணிடலாம்."

"என்ன சார் பதினெட்டு நாள்?"

அவர் சிரித்தார். வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு என்றார். இரண்டு வருடம் எப்போதிலிருந்து? இறப்பு பதிவான நாளிலிருந்து இல்லை, உடல் கிடைத்த நாளிலிருந்து இல்லை. விமானம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. அது தாண்டினால் உரிமையே போய்விடும்.

"சர்டிபிகேட் இல்லாம எப்படி சார் அவங்க கேஸ் போட முடியும்?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு மேடம்? பாசஞ்சர் லிஸ்ட்ல பேர் இருக்கு. பிளேன் போனது ஊருக்கே தெரியும். கேஸ் போட அது போதுமே. மிச்சத்தை அப்புறம் தாக்கல் பண்ணிக்கலாம்." "நீங்க சர்டிபிகேட் கேட்டீங்களா? பரவால்ல, நல்லதாப் போச்சு."

நல்லதாப் போச்சு! என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை மட்டும் நான் மறக்கவே இல்லை.

"அவங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா சார்?"

"நாம அவங்க வக்கீல் இல்ல மேடம். நாம எதிர்த் தரப்பு. ரிடையர்மென்டுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கில்ல உங்களுக்கு? நிம்மதியா போங்க."

அவர் என்னை மிரட்டவில்லை. நிஜமாகவே என் நலத்துக்குத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நாம் சம்பளம் வாங்குகிற இடத்துக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. இதை நீங்களும் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அந்தக் குடும்பத்தைக் காத்திருக்கச் சொன்னது அவர் இல்லை, நான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், யாரிடமும் சொல்லாமல், சொந்தச் செலவில் ஹனூருக்குக் கிளம்பினேன். பஸ்சில் உட்கார்ந்து வாக்கியங்களைத் தயார் செய்தேன். இப்படிச் சொன்னால் கம்பெனிக்குத் துரோகம், அப்படிச் சொன்னால் துரோகம் இல்லை என்று எனக்குள்ளேயே ஒரு கோர்ட்டு நடந்தது. கொள்ளேகால் வருவதற்குள் என் வாக்கியத்தில் இருந்த எலும்பு எல்லாம் கரைந்துபோய், "சீக்கிரம் ஒரு வக்கீலைப் பார்த்தால் நல்லது" என்று ஆகியிருந்தது.

அதைத்தான் சொன்னேன். மாமனார் தலையசைத்தார்.

"பாத்துப்போடலாமுங் அம்மணி. ஆடி போகட்டும். இந்த மாசம் நம்ம குடும்பத்துக்கு ஆகறதில்லீங். பையன் போனதும் இந்த ஆடிலதானுங்களே. ஆவணி பொறந்த மொத நாளே கொள்ளேகாலுக்குப் போறமுங்."

அவர் சொன்னதை மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆவணி பிறக்கும்போது கெடு தாண்டிப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். வாயைத் திறந்தேன். "கொஞ்சம் முன்னாடி போனா நல்லதுங்க" என்றேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னேன்.

"அவசரமில்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றார் அவர், என்னைச் சமாதானப்படுத்தும் குரலில்.

மல்லிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் கையில் கோப்பு இல்லாமல், இந்தம்மா எதற்கு இவ்வளவு தூரம் வந்தாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாசல் வரை வந்து கேட்டாள்.

"மேடம், எல்லாத்துக்கும் ஒரு கெடு இருக்கும்னு எங்க பேக்டரில சொல்றாங்கங். இதுக்கு ஏதாச்சும் கெடு இருக்குதுங்களா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை. தேதியைக்கூடச் சொல்ல வேண்டாம். ஆமாம், நாளைக்கே போ என்று சொல்லியிருந்தால் போதும். அதற்காக என்னை யாரும் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த நொடியில் என் கிராஜுவிட்டி ஞாபகம் வந்தது, பென்ஷன் ஞாபகம் வந்தது, மும்பை அதிகாரியின் மரியாதையான குரல் ஞாபகம் வந்தது.

"அது எனக்குச் சரியாத் தெரியலைம்மா. வக்கீலைக் கேளுங்க," என்றேன்.

"சரீங் மேடம்," என்றாள். பம்ப் அடித்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மீதிப் பதின்மூன்று நாளும் என் போன் என் மேஜை மேலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் எடுத்தேன், வைத்தேன். ஆடி இருபதாம் தேதி, கெடு நாள், போனதும் எனக்கு வந்தது துக்கம் இல்லை. இனி முடிவு செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்ற ஒரு ஆசுவாசம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயந்தவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொன்னது போலவே ஆவணி முதல் நாள் அவர்கள் கொள்ளேகாலில் வக்கீலைப் பார்த்தார்கள். அவர் தேதியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். மாதேசனின் டிக்கெட் மைசூரில், மண்டி மொஹல்லாவில் ஒரு டிராவல்ஸ் கடையில் எடுத்தது. அதனால் மைசூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள், பதினாலு நாள் தாமதமாக.

மூன்று மாதம் கழித்து எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, சந்தன மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மும்பை அதிகாரி வாழ்த்து அனுப்பியிருந்தார். ஒரு சிக்கலான விமானக் கோப்பை மேடம் மிக நிதானமாகக் கையாண்டார் என்று அதில் ஒரு வரி. கைதட்டினார்கள். பேட்டா எனக்குப் பெரிதாக இருந்தது, கண்ணுக்கு மேல் இறங்கிக்கொண்டே வந்தது. நல்ல வேளை, முகம் பாதி மறைந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் மல்லிகாவின் வக்கீல் சரஸ்வதிபுரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். காத்திருக்கச் சொன்னது கம்பெனி அதிகாரிதான் என்று நான் சாட்சி சொல்வேனா என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். தைரியம் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பென்ஷன் கைக்கு வந்துவிட்டது.

கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னேன். சான்றிதழ் கேட்டதையும், அவசரமில்லை என்றதையும், ஆடி மாதம் போனதையும். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"அவரு கேளிதாக நிமகெ கொத்தித்தா?" என்று கன்னடத்தில் கேட்டார். அவள் கேட்டபோது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

"கொத்தித்து, சார்," என்றேன்.

தீர்ப்பில் என் நடத்தையைக் கண்டித்து ஒரு பாரா இருந்தது. நியாயமான பாரா. ஆனால் முடிவை அது மாற்றவில்லை. சாதாரண வழக்கில் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் கோர்ட்டு கதவைக் கொஞ்சம் திறக்கும். இந்த ஒப்பந்தத்தில் கெடு தாண்டினால் கதவு மூடுவதில்லை, வீடே இல்லாமல் போகிறது. யார் என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் போன உரிமை திரும்பாது என்று எழுதி வழக்கைத் தள்ளினார் நீதிபதி.

நீங்கள் வேலைக்கு வரும் காலத்தில் சட்டம் எவ்வளவோ மாறிவிட்டது. உள்நாட்டு விமானத்தில் போகிறவனுக்கும் ஏறக்குறைய அதே விதிகள் வந்துவிட்டன. விலைவாசிக்கு ஏற்றபடி தொகையின் வரம்பை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். விமானத்தை வாடகைக்கு விட்ட சொந்தக்காரன், வாடகை வராவிட்டால் விமானத்தைச் சட்டென்று திரும்ப எடுத்துக்கொள்ள வழி செய்து புதுச் சட்டமே போட்டாயிற்று. அந்த இரண்டு வருடம் மட்டும் பழைய ஒப்பந்தத்தில் இருந்தது இருந்தபடி இருக்கிறது. பயிற்சி வகுப்பில் தொகைகளைச் சொல்லித் தருவார்கள். அந்தப் பக்கத்தை நீங்களே புரட்டிப் படியுங்கள்.

என்னுடைய முதல் தப்பு தெரியாமல் செய்தது. மாட்டில் கற்றதை மனிதனுக்குப் பூட்டினேன். சீனியரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் மாட்டுக்குத்தான் சொன்னார். தெரியாத்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. வாசலில் நின்று அவள் கேட்டபோது தெரியாது என்றேனே, அதற்கு இல்லை. எதிர்த் தரப்புக்கு நாம் வக்கீலாக வேண்டியதில்லை. ஆனால் நேராகக் கேட்டவளிடம் பொய் சொல்லச் சொல்லி எந்தக் கம்பெனியும் எனக்கு உத்தரவு எழுதித் தரவில்லை. அது என் சொந்த உபயம். அதேபோல் துக்க வீட்டில் அவசரமில்லை என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் ஆறுதலாகச் சொல்வதை அவர்கள் கம்பெனியின் வாக்காக எடுத்துக்கொள்வார்கள்.

தீர்ப்பு வந்த அன்று நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். மாமனாருக்கு உடம்பு சரியில்லை, மல்லிகா தனியாக வந்திருந்தாள். அவள் கழுத்தில் தாலி இல்லை. வழக்கு மனுவில் "காலஞ்சென்ற மாதேசனின் மனைவி" என்று எழுதாமல் முடியாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட அன்றே கழற்றிவிட்டாளாம்.

வெளியே மரத்தடியில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"மேல கோர்ட்டுக்குப் போலாமுன்னு வக்கீல் சொல்றாருங். எனக்கு மனசில்லீங் மேடம். செத்தாருன்னு ஒருக்கா எழுதிக் குடுத்ததே போதும்."

தலையசைத்தேன்.

"ஒண்ணு கேக்கோணுமுங். உள்ள கன்னடத்துலயும் இங்கிலீசுலயும் பேசிக்கிட்டாங்க. ரெண்டு வருசம், ரெண்டு வருசம்னாங்களே. அது எந்த நாள்ல இருந்துங் கணக்கு?"

இவ்வளவு நடந்தும் அதை யாரும் அவளுக்கு நேராகச் சொல்லியிருக்கவில்லை. வக்கீல், நீதிபதி, நான், ஒருவரும். சட்டத்தில் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். "விமானம் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாள்லேர்ந்து."

மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"அந்த நாளுங்களா?" என்றாள். "அன்னிக்கு நானும் புள்ளையும் ஏர்போர்ட்டுல காத்தாலருந்து நின்னமுங். அந்த நாளு எனக்குத் தெரியாதுங்களா மேடம்? அதைச் சொல்லியிருந்தீங்கன்னா, ஆடியாவது ஒண்ணாவது, கெடுவுக்குள்ள நான் கோர்ட்டுக்கு வந்திருப்பேனுங்களே."

கொள்ளேகால் பஸ்சுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கேட் வரை போனவள் திரும்பி, வெயிலாக இருக்கிறது, ஆட்டோவில் போங்கள் மேடம் என்றாள்.